ஆட்டுக்கல் மலையில் பூ இல்லை

பஹ்மியா ராத்தாவிடம் மணி என்ன என்று கேட்டாலும் உடனே பதில் வராது. முதலில் கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார். ஆடு எண்ண வந்த உத்தியோகத்தரிடம் பத்தொன்பது ஆட்டைப் பதினொன்று என்று சொன்னவர் அவர். மிச்சம் எட்டும் அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தன. நான் அஷ்பாக், குச்சவெளியில் ஆட்டோ ஓடுகிறவன். அவருக்குப் பக்கத்து வீடு.

சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பி வந்தபோது, அவருடைய வாப்பாவின் வயலில் எல்லைக்கல் நட்டிருந்தது. அரசாங்கத்தின் ஏதோ ஒரு பட்டியலில் வயல் ஏறிவிட்டதாம். போனது போனதுதான். இன்று அவருக்கு இருப்பதெல்லாம் ஆட்டுக்கல் மலை அடியில் ஒரு ஏக்கர் கச்சான் தோட்டம், நிலக்கடலைதான். அதற்கும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது, மடித்து மடித்துக் கிழிந்த பெர்மிட் மட்டும். அதையும் யாரோ பறிக்க வருகிறார்கள் என்ற பயத்தோடுதான் தினமும் எழும்புவார்.

போன ஜனவரியில் நிருசாவை அங்கே ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான். அன்புவழிபுரத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றிப் படிக்கிறாள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்ன ஊதாப் பூ. மலைப்பாறைக் குழிகளில் மாரி மழைக்கு முளைத்து, ஜனவரியில் பூத்து, வெயில் ஏறினால் சுவடே இல்லாமல் காய்ந்துபோகுமாம்.

"நாட்டில நாலு மலையிலதான் இருக்கு அன்ரி. அழியக்கூடிய பூக்களின்ர பட்டியலில போட்டிருக்கினம். இஞ்ச இருந்தா இந்த மலையில ஆரும் கை வைக்க ஏலாது."

பட்டியல் என்றதும் ராத்தாவின் முகம் இறுகிவிட்டது. ஆரும் என்றால் தானும்தானே என்று அவருக்குப் பட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் பட்டது.

"இப்படி ஒரு பூவ நான் காணல்ல மகள். அஷ்பாக், நீ கண்டயா?"

"இல்ல ராத்தா."

மலையின் கிழக்குப் பக்கத்தில் அந்தப் பூ அன்றைக்குப் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. கசப்பு என்பதால் ஆடுகள்கூட வாய் வைப்பதில்லை.

தனியே விட்டால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள் என்று, ராத்தா தானே வழிகாட்டக் கிளம்பினார். இரண்டு நாள் மேற்குச் சரிவில் ஏற்றி இறக்கினார். கிழக்கே கேட்டால் குளவிக்கூடு என்றார், கரடி குட்டி போட்டிருக்கிறது என்றார். இடையிடையே பால் விடாத பிளேன்ரியும் அவித்த கச்சானும் கொடுத்தார். அந்தப் பிள்ளை கால் வீங்கி, மனம் நிறைந்து, "உங்கட பேரையும் எழுதுறன் அன்ரி" என்றாள். பேர் வேண்டாம் என்று ராத்தா எவ்வளவோ மறித்தார். கந்தோருக்கும் அனுப்பிய அறிக்கையில் நன்றிக்காக எழுதியே விட்டாள்.

மே மாதம் மலை அடியில் ஒரு பலகை முளைத்தது. கல்லுடைக்கும் கம்பனி ஒன்று வருகிறது, செப்டெம்பரில் வெடி வைப்பார்கள், அடிவாரத்தில் பயிர் செய்பவர்கள் விலக வேண்டும்.

அன்றே ராத்தாவை அரசாங்கக் கந்தோருக்கு ஏற்றிப் போனேன்.

"அந்த மலையில அருமையான பூ ஒண்டு இரிக்கி சேர். பட்டியலில உள்ள பூ."

உத்தியோகத்தர் கோவையைப் புரட்டி நிருசாவின் அறிக்கையை எடுத்து வாசித்தார். இரண்டு நாள் தேடியும் பூ காணப்படவில்லை. வழிகாட்டியவர், ஊரவரான பஹ்மியா.

"இது நீங்கதானே?"

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரி, இருந்தா ஒரு செடியக் கொண்டுவந்து காட்டுங்க."

மே மாதத்தில் எங்கே போவது செடிக்கு? மத்தியான வெயிலில் கிழக்குப் பக்கம் ஏறினோம். குழிகளைக் கையால் கிளறினோம். தூசிதான் வந்தது. ராத்தா பாறையில் குந்தியிருந்து அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அங்கிருந்தே நிருசாவுக்கு அழைப்பு எடுத்தோம்.

"மகள், நான் பொய் சொன்னனான். பூ இரிக்கி. கிழக்குப் பக்கம் முழுக்க இரிக்கி."

 அவள் மெதுவாகக் கேட்டாள். "காணி போகப்போகுது எண்டதுக்காகவா இப்ப சொல்றீங்க அன்ரி?"

"வல்லாஹி, அல்லாமேல ஆணையா உண்ம மகள்."

"அஷ்பாக் அண்ணாட்ட குடுங்க."

நானும் கண்டனான் என்று சொன்னேன். "அண்டைக்குக் காணேல்ல எண்டுதானே சொன்னீங்க அண்ணா?" என்றாள்.  ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், அவள் ஏசவில்லை. "ஜனவரியில பூத்தா படம் எடுத்து அனுப்புங்க. கட்டாயம் வந்து பாக்கிறன்" என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை ராத்தாவிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஜனவரிக்கு மலை இரிக்குமா தம்பி?"