கடிதம் வராத தாய்க்கு அமைச்சர் சொன்ன பதில்

என் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் லீவில் வந்து, பத்து நாள் இருந்து, ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் போனான். அதனால்தான் அந்த ஒரு நாளைப் பற்றி என்னால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

நாங்கள் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். கணவருக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறேன். பழைய அரசாங்கப் பதிவுகளை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கும்படி மாற்றித் தரும் ஒரு சின்ன கம்பெனி அது. திரையின் இடது பக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம் இருக்கும். வலது பக்கம் மெஷின் அதைப் படித்து எழுதியது இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, மெஷின் தப்பாகப் படித்த எழுத்தை நான் திருத்த வேண்டும். பொருளைப் படிக்காதீர்கள், எழுத்தை மட்டும் பாருங்கள் என்று சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள். பொருளைப் படித்தால் கண் தானாகவே பிழையைத் தாண்டிப் போய்விடுமாம். பல மாதம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

மகன் கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருஷம் படித்தான். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கடற்படையில் சேரப் போவதாக இங்கிலீஷில் சொன்னான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிற மாதிரிதான் சொன்னான். என் கணவர் அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே காரை எடுத்து, அவனை ஆள் சேர்க்கும் ஆபீசில் கொண்டு போய் விட்டார். எலக்ட்ரிக்கல் வேலைக்குப் பயிற்சி கொடுத்து ஒரு கப்பலில் போட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மெசேஜ் வரும். எங்கே இருக்கிறான் என்று நாங்கள் கேட்கக் கூடாது, அவனும் சொல்ல மாட்டான்.

அந்த மெசேஜ்கள் திடீரென்று நின்றுபோயின. அதே வாரம் டிவியில் கடல் வரைபடம் போட்டு, அதில் சிவப்பு அம்புக்குறி போட ஆரம்பித்தார்கள். சில சமயம் கப்பலிலேயே இன்டர்நெட்டை நிறுத்திவிடுவார்கள், பயப்பட வேண்டாம் என்று குடும்பங்களுக்கு ஒரு மெயில் வந்தது. அந்த மெயிலை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்தேன். பதினொரு நாள் ஆனது. நாங்கள் போகும் சர்ச்சில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜெபிப்பார்கள்தான். ஆனால் ஜெபித்து முடித்ததும், "ஏன் சேர விட்டீங்க?" என்று கேட்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் எனக்கு வந்த கட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக் குறிப்பு. ஒரு நாள் கூட்டத்தின் முதல் இருபது பக்கம் எனக்கு. மீதி நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு. அவளும் தமிழ்தான், சென்னைக்காரி. ஒரே கட்டை நாங்கள் அடிக்கடி பிரித்துக்கொள்வோம், போனில் சந்தேகம் கேட்டுக்கொள்வோம். நேரில் பார்த்ததே இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

போர் என்று தலைப்பைப் பார்த்ததும், இன்றைக்கு இந்தக் கட்டு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, சும்மா உட்கார்ந்திருந்தால் டிவி பக்கம் போய்விடுவேன் என்று திறந்தேன்.

சபாநாயகர் மத்தியானம் நாற்காலியில் அமர்ந்து ஜெபம் வாசித்தார் என்று முதல் வரி. என்ன ஜெபம் என்று போடவில்லை. எந்த ஜெபமாக இருந்திருக்கும் என்று நானே ஊகித்து, அதை முணுமுணுத்துவிட்டு ஆரம்பித்தேன். பதினொரு நாளில் அன்றுதான் வார்த்தை தடுக்காமல் ஒரு ஜெபத்தை முடித்தேன்.

பிறகு கேள்விகள் வந்தன. போர் நிலைமை எப்படி என்று ஒருவர் கேட்டார். கவலைக்கிடம்தான், விவரமாகப் பிறகு பேசுகிறேன் என்று பிரதமர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அடுத்த கேள்வி டயர். கிராமத்து டாக்டர் ஒருவருடைய கார் டயர் கிழிந்துபோய்விட்டது, புது டயருக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவர் எப்படிப் பிரசவம் பார்க்கப் போவார் என்று ஒரு உறுப்பினர். அதற்கடுத்தது கோணிச் சாக்கு. கோதுமை அறுவடை வரப்போகிறது, கல்கத்தாவிலிருந்து சாக்கு வரவேண்டிய கப்பல் என்ன ஆயிற்று என்று இன்னொருவர். பிறகு டீ. மெஷின் 'டீ' என்கிற இங்கிலீஷ் சொல்லை 'சீ', அதாவது கடல் என்று படித்து வைத்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு கடல் என்று அமைச்சர் விளக்கிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் சிரித்து, படம் பிடித்து எடிசன்காரிக்கு அனுப்பியிருப்பேன்.

ஒரு மணி நேரம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் கப்பலில் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த மனிதர்கள் ஆப்பிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று இருந்தது. ஆமாம், ஆப்பிள். ஏற்றுமதிக்குக் கப்பல் இல்லாமல் தோட்டத்திலேயே அழுகும் ஆப்பிளைப் பற்றி ஒருவர் மூன்று பக்கம் பேசினார். நடுவில் சபையில் ஆள் குறைந்துவிட்டது என்று மணியடித்து எல்லோரையும் உள்ளே வரவழைத்தார்கள். வந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து ஆப்பிளைத் தொடர்ந்தார்.

பதினேழாம் பக்கத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஏதோ ஒரு நாட்டுப்புறத் தொகுதிக்காரர். தன் தொகுதியில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரே மகன், கடல் தாண்டி அனுப்பப்பட்டிருக்கிறான், நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. ராணுவ ஆபீசுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. அமைச்சர் விசாரித்துச் சொல்வாரா? அவ்வளவுதான். ஆப்பிளுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமைச்சர் எழுந்து, பெயரையும் படைப்பிரிவையும் கொடுங்கள், சபை கலைவதற்குள் சொல்லப் பார்க்கிறேன் என்றார். அடுத்து ஒருவர் ரயில் நேரத்தைப் பற்றிக் கேட்கப் போய்விட்டார்.

கையை மவுசிலிருந்து எடுத்தேன். எழுத்தைப் பார்க்க முடியவில்லை, பொருள்தான் தெரிந்தது. நான்கு மாதம். எனக்குப் பதினொரு நாள். மீதி மூன்று பக்கத்தைப் பிழை திருத்தாமல் கண்ணால் மட்டும் ஓட்டினேன். பதில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்காகச் சபையை ஒத்திவைக்கும் இடத்தில் என் கட்டு முடிந்துவிட்டது. மீதி நாள் முழுவதும் எடிசனில் இருந்தது.

போன் செய்தேன். அவள் அப்போதுதான் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். உன் கட்டின் கடைசியில் ஒரு பையனைப் பற்றி அமைச்சர் ஏதாவது சொல்கிறாரா என்று பார்த்துச் சொல் என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மா, ஒரு பெயரின் எழுத்தைச் சரிபார்க்கத்தான் என்று பொய் சொன்னேன். அந்தக் கட்டை இன்னும் திறக்கவே இல்லை, சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் இருந்த சுத்தமான பாத்திரங்களையே திரும்பக் கழுவவிட்டேன் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. எண்பது வருஷத்துக்கும் முந்தைய ஒரு பையன். உயிரோடு திரும்பியிருந்தால்கூட இப்போது இருக்க வாய்ப்பில்லை. அது நன்றாகத் தெரிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் செத்திருந்தால் என் மகனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று என் மனசு தானாகவே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டது. அப்படி நினைக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

போன் அடித்தது.

"அக்கா, பையன் கிடைச்சிட்டான்," என்றாள்.

எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்துல இருக்குக்கா. சபை முடியறதுக்கு முன்னாடி மினிஸ்டர் எழுந்து சொல்றார். பையன் ஹாஸ்பிட்டல்ல இருந்தானாம். அடியெல்லாம் இல்ல, மம்ப்ஸ். நம்ம ஊர்ல பொன்னுக்கு வீங்கின்னு சொல்வோமே, அது. இப்ப சரியாயிடுச்சாம். அம்மாவுக்கு உடனே லெட்டர் போடச் சொல்லி ஆபீசர் அவன்கிட்ட சொல்லிட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்கன்னுகூடப் போட்டிருக்குக்கா."

எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியில் அழுகையாகிவிட்டது. கிச்சன் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், என்னக்கா, என்னக்கா என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். என் பையன் கடற்படையில் இருக்கிறான், பன்னிரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை என்று. இத்தனை மாதம் பழகியும் எனக்கு ஒரு மகன் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஏன் சேர விட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை.

"லைன்லயே இருங்கக்கா. நான் டைப் பண்ணிட்டே இருக்கேன். நீங்க பேசணும்னா பேசுங்க, இல்லன்னா வேணாம்," என்றாள்.

அப்படியே ஒரு மணி நேரம் இருந்தோம். அவள் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் எழுந்து வந்து, விட்டுப்போன கடைசி மூன்று பக்கத்தைத் திருத்த ஆரம்பித்தேன். குழந்தையை டேகேரிலிருந்து கூட்டி வர நேரமாகிவிட்டது என்று சொல்லித்தான் வைத்தாள்.

அவள் வைத்து ஒரு மணி நேரம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நல்ல சேதிக்கு யார் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள்? நான்கு முறை அடிக்கவிட்டு எடுத்தேன்.

"ஹாய் மா. ஐ ஆம் ஃபைன்," என்றான். அதையே முதலில் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சொன்னான்.

கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வந்திருக்கிறது, ஒரு நண்பனின் போனிலிருந்து பேசுகிறேன், என் போன் சார்ஜரைக் காணவில்லை என்றான். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டேன். அதைக் கேட்கக் கூடாதோ என்று கேட்ட பிறகுதான் தோன்றியது. அவன் சிரித்தான். துணி காய வைக்கும் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகிவிட்டனவாம். இவனும் இன்னொருவனும் அந்த மோட்டார்களோடுதான் பொழுதைக் கழித்தார்களாம். கப்பல் முழுக்க ஈர சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் எல்லாரும் இவர்களைத்தான் திட்டினார்களாம். இதை எல்லாம் இங்கிலீஷில் சொன்னான். நான் தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, இருமல் போச்சா.

கடைசியில் மட்டும் தமிழில், "அப்பாகிட்ட சொல்லிடு மா," என்றான்.

அவன் அப்பாவுக்கு ஆபீசுக்கு போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தார். ஆனாலும் எடுத்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் என் போனை எடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் பேசினான், நன்றாக இருக்கிறான் என்றேன். "சரி," என்றார். பிறகு இன்னொரு முறை, "சரி, சரி," என்றார். அவ்வளவுதான். போனை வைக்கவும் இல்லை. அவர் பக்கத்தில் யாரோ பட்ஜெட் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

எடிசன்காரிக்கு, என் பையனும் கிடைச்சிட்டான் என்று ஒரு மெசேஜ் போட்டேன். கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும், உடனே பதில் வரவில்லை. நான் உட்கார்ந்து இருபது பக்கத்தையும் முதலிலிருந்து, இந்த முறை ஒழுங்காக, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். டயர், சாக்கு, டீ, ஆப்பிள். காலையில் வந்த கோபம் இப்போது இல்லை. அந்த டாக்டருக்கு டயர் கிடைத்ததா என்று பதில் எங்கேயும் இல்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஆப்பிள்காரரின் மூன்று பக்கத்தில் காலையில் கோபத்தில் நான் கவனிக்காமல் விட்ட பதினாறு பிழைகளைத் திருத்தினேன். எந்த ரகம் சீக்கிரம் அழுகும், எந்த ரகம் தாங்கும் என்று அந்த மனிதர் எவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கிறார் என்று அப்போதுதான் படித்தேன்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். வழக்கமாக வந்ததும் குளிக்கப் போவார். அன்று ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, அவன் என்ன சொன்னான் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மோட்டார் விஷயத்தை இரண்டு முறை கேட்டார். அது பேரிங் பிரச்சினையாகத்தான் இருக்கும், அடுத்த முறை பேசும்போது கேள் என்றார். பிறகு பசிக்கிறது என்றார். மாவு இருந்தது. தோசைக் கல்லைப் போட்டேன். நின்றுகொண்டே ஆறு தோசை சாப்பிட்டார், நான் ஊற்ற ஊற்ற.