மண்டபத்து வாசல் கப்பல்

திருவேட்டக்குடியில் எங்கள் ஊர் மண்டபம் பிரெஞ்சுக்காரன் காலத்துக்கும் முந்தியது என்பார்கள். வாசலுக்கு மேலே சுண்ணாம்புக் காரையில் செய்த பாய்மரக் கப்பல் ஒன்று இருந்தது. அதை நிமிர்ந்து பார்த்துக் கும்பிடாமல் யாரும் கடலுக்கு இறங்க மாட்டார்கள்.

சுவர் உதிரத் தொடங்கியபோது, "நான் பாத்துக்குறேன்" என்று ஊர்க்கூட்டத்தில் மார்தட்டிப் பொறுப்பை வாங்கி வந்தவர் என் அப்பா. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பூச்சு வேலைக்கு வீட்டுக்கொரு ஆள், வீட்டுக்கொரு கூடை மணல். மணலுக்கா பஞ்சம்? வாசலில் இறங்கினால் கடற்கரை.

கருவாடு போடும் அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"ஏங்க, அது உப்பு மண்ணு. உப்பு சும்மா கெடக்காதுங்க. மழக்காத்து பட்டா கருவாடு நசநசன்னு ஆயிடறதப் பாக்கலையா?"

"நமக்குச் சோறு போடுற கடலுடி அது. அது குடுக்குற மண்ணு ஆகாதுன்னு ஆத்து மண்ணுக்குப் போயி நிக்கச் சொல்றியா?"

அதற்கு மேல் யார் பேசுவது! நானும் சின்னக் கூடையில் மணல் சுமந்தேன். வெள்ளையடித்ததும் மண்டபம் கல்யாணப் பெண்போல நின்றது. கப்பலையும் விடவில்லை, அதற்கும் கனமாக ஒரு பூச்சு.

ஐப்பசி மழையில் சுவர் வியர்த்தது. வெயில் பட்டதும் உப்புப் பூத்தது. எனக்கு ஒரே குஷி, தொட்டு நக்கிப் பார்த்தேன். பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் பழைய காரையையும் இழுத்துக்கொண்டு கப்பல் கீழே விழுந்து பொடியாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மண்டபத்தில் ஊர்க்கூட்டம். பெண்கள் போகாத இடம்தான். சிறுமி என்பதால் என்னை யாரும் விரட்டவில்லை. ஒருவரும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே எழுந்து நடுவில் வந்து, ஊரார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கோயிலிலும் அப்படித்தான் விழுவார். நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் விழுந்து கைகூப்பினேன்.

யாரும் சிரிக்கவில்லை. "பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு ஏம்ப்பா இதெல்லாம்? எந்திரி" என்றார் ஊர்த் தலைவர். அப்பா வெகுநேரம் எழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஆசையாகக் கேட்டேன். "சாமிகிட்ட என்னப்பா வேண்டிக்கிட்ட?"

அவர் என் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டார். அதன்பிறகு அவர் ஊர்க்கூட்டத்துக்குப் போனதே இல்லை. கடலுக்குக்கூட மண்டபத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஊர் முன்னால் விழுவது வேண்டுதல் இல்லை, தண்டனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க, அப்பாவும் நானும் மண்டபத்தில் சேர்ந்து சாமி கும்பிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.