மாமாவின் மின்சார உபயம்

ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு சொந்தக்காரர்கள் என்னிடம் சொன்ன குறைகளை என் போனில் வரிசை எண் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, அது நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது. இரண்டாவது, பழைய மீட்டரைவிட வேகமாக ஓடுகிறது. மூன்றாவது, அதை மாட்டிய நாளிலிருந்து தலை வலிக்கிறது. இப்படியே போய், ஏழாவது குறையைச் சொன்ன ஒரு சித்தப்பாதான் எல்லோரிலும் நேர்மையானவர். "பழசுல காந்தம் வெச்சா நின்னுச்சு மா. இது நிக்க மாட்டேங்குது" என்றார். இதைக் கம்பெனியில் சொல்லிச் சரிசெய்யும்படியும் கேட்டுக்கொண்டார்.

கம்பெனி என்று அவர் சொன்னது, மின் நிறுவனத்திடம் குத்தகை எடுத்து நடக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தை. மீட்டர்கள் அனுப்பும் எண்களைப் பார்ப்பது அங்கே என் வேலை. ஒரு தெருவுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் உண்டு. வீட்டுக்கு வீடு ஒன்று. தெருவுக்குள் போனது எவ்வளவு, வீடுகள் எல்லாம் சேர்ந்து வாங்கியதாகச் சொல்வது எவ்வளவு என்று கழித்துப் பார்ப்போம். கொஞ்சம் குறையும். கம்பி சூடாவதில் போகிற மின்சாரம் அது. ரொம்பக் குறைந்தால், அந்தத் தெருவில் யாரோ காசு கொடுக்காமல் குளிர்காய்கிறார் என்று பொருள். எந்தெந்த வீட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் கொடுப்போம்.

தைப்பூசம் முடிந்த சில வாரங்களில், அப்படி ஒரு பட்டியலின் மூன்றாவது வரியில் என் தாய்மாமா வீட்டு விலாசம் இருந்தது.

மாமாவுக்கு, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு வீடுகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் அவரும் அத்தையும் இருக்கிறார்கள். மற்றதை வாடகைக்கு விட்டிருக்கிறார். சந்து முனையில் வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். எங்கள் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட, வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் அதன் மேல் முழுக்கத் தங்கள் பெயரை எழுதிவிட்டுத்தான் கொடுப்பார்கள். மாமா இதில் ஒரு படி மேலே போனார். பந்தலின் நெற்றியில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர்: கும்பிட்ட கையோடு அவர் படம், கீழே 'மூன்று நாள் மின்சார உபயம்' என்று பெரிய எழுத்து. தேர் போகும்போதும் திரும்பும்போதும் ஒலிபெருக்கி அதையே சொன்னது. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பந்தலுக்குப் போகும் தடித்த வயரையும் படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டார். நாங்கள் எல்லோரும் பூப் போட்டோம்.

அந்த மூன்று நாளும் கணினி வரைபடத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. உபயதாரரின் மீட்டர் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. வருஷம் முழுக்க அது அப்படித்தான் கிடந்தது. ஒரு ஃப்ரிட்ஜும் இரண்டு விளக்கும் மட்டும் வைத்து வாழும் துறவியின் வீடு மாதிரி. அந்தத் துறவியின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் அம்மா ஸ்வெட்டர் எடுத்துக்கொள்வார். ஐந்து ஏர்கோன்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருக்கும் அண்ணனிடம் போய், இது என் மாமா வீடு, இந்தத் தெருவை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்தேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள் மா" என்றார். "இங்க எல்லாருக்கும் ஒரு மாமா இருக்காரு லா. போய் டீ குடி."

இதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம், மீட்டர்களைச் சோதிக்க ஆள் வருவார்கள் என்று அந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் கடிதம் போனது. அந்த ஞாயிறு கெலுகோரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

"இந்தத் தெருவுல கரண்ட்டு திருடறது யாருன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மாமா, மீன் முள்ளை எடுத்தபடி. "நம்ம பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருக்கற மாவுக்காரிதான். நாலு ஃப்ரிட்ஜு, ரெண்டு மெஷினு. பகல் பூரா உர்ருனு சத்தம்."

"அந்தப் பொண்ணு பில்லு ஒழுங்கா கட்டுதுன்னு நீதானே சொன்ன?" என்றார் அம்மா.

"திருடறவ பில்லு கட்டாம இருப்பாளா? அதுதான் தந்திரம் லா. தெரு வாட்சப் க்ரூப்புலயும் போட்டுட்டேன், இவதான் திருடி, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அங்கதானே இருக்க. அவ மீட்டர பார்த்து ஒரு லெட்டர் குடு. படிச்ச பொண்ணு கையெழுத்து இருந்தா நல்லது."

"அடுத்தவங்க கணக்க நான் பார்க்கக் கூடாது மாமா."

"மாமாவுக்குத்தானே கேக்கறேன்."

"மாமாவோட கணக்கையும் பார்க்கக் கூடாது."

மாமா எடுத்த முள்ளை மீனிலேயே திரும்ப வைத்தார். அத்தை அவசரமாக ரசம் ஊற்றினார்.

தெருவே அவரை நம்பியது என்பதுதான் வேடிக்கை. சத்தம் போடும் இடத்தில்தான் திருட்டு இருக்கும் என்று எல்லோரும் ஒரே மாதிரி முடிவு செய்திருந்தார்கள். ஐந்து ஏர்கோன் பெட்டிகள் சுவரில் வரிசையாகத் தொங்குவது யார் கண்ணுக்கும் படவில்லை. பந்தல் தலைவர் வீட்டுச் சுவர் அல்லவா?

சாப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா நிபோங் திபால் என்ற ஊரிலிருந்து வந்தவர். தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, இந்த வட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறார். போர்டிக்கோவில் உட்கார்ந்து பாக்கெட்டுகளை முடிந்துகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, கை நிற்கவில்லை.

"வீடு போனா வேற வீடு பார்க்கலாம் மா" என்றார். "திருடின்னு பேரோட போனா, எந்தக் கடையில என் மாவ வாங்குவான்?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அவருடைய மீட்டர் அவர் பெயரிலேயே இருந்தது. அதை அவரே பார்க்கலாம். போனில் அதற்கு ஆப் இருக்கிறது. இதைச் சொன்னால் நான் எந்த விதியையும் மீறவில்லை, அதன் ஓரத்தில் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பாஸ்வர்டு என்ன வைக்க? முருகன் பேரு வைக்கவா?" என்றார் அக்கா, ஆப்பை இறக்கிவிட்டு.

"இந்தச் சந்துல பாதிப் பேரு அதைத்தான்கா வெச்சிருப்பாங்க. வேற வைங்க."

கோடுகள் வந்தன. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா விரலால் தள்ளித் தள்ளித் தன் வருஷத்தைப் படித்தார். "இது உளுந்து. இது அரிசி. இந்தப் பள்ளம் அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு. இது தைப்பூசம், அன்னதானத்துக்கு அரைச்சுக் குடுத்தேன்ல, பாரு எவ்வளவு ஏறியிருக்குன்னு." பிறகு எழுந்து, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, வேலியோரமாகப் போய்க் கூப்பிட்டார்.

"அண்ணே! கொஞ்சம் வெளிய வாங்க."

மாமா வந்தார். பின்னால் அத்தையும் அம்மாவும்.

"என்னுது எல்லாம் இதுல இருக்கு. எந்த நாளு வேணும்னாலும் கேளுங்க. இப்ப உங்களுத காட்டுங்க."

"எனக்கு எதுக்கு மா ஆப்பு? நான் பழைய ஆளு."

"தினம் காலையில அம்பது பூப்படம் அனுப்புறீங்களே அண்ணே?"

அத்தைக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார்.

"பாஸ்வர்டு மறந்துட்டேன்."

"மாத்திக்கலாம் மாமா, ரெண்டு நிமிஷம்" என்றேன். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"வருஷம் பூரா வேணாம்" என்றார் அக்கா. "தைப்பூசம் மூணு நாளு மட்டும். பந்தலுக்கு நீங்கதானே கரண்ட்டு குடுத்தீங்க? எவ்வளவு குடுத்தீங்கன்னு நாங்களும் பார்த்து சந்தோஷப்படுறோம்."

மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை பரிசோதனைக்காரர்கள் வந்து போன பிறகு அத்தை போன் செய்தார். வரவேற்பறையின் உள்கூரையைத் திறந்தார்களாம். மீட்டருக்கு முன்னாலேயே பிரிந்த ஒரு வயர் அங்கிருந்து ஐந்து ஏர்கோனுக்கும், பந்தலுக்கு வயர் போன ஜன்னலோரப் பாயிண்டுக்கும் போனதாம். "எல்லாம் வயர்மேன் செஞ்சது, எனக்கு என்ன தெரியும்" என்று மாமா சொன்னாராம். எந்த வயர்மேன் என்று கேட்டதற்கு, இறந்துபோனவர் ஒருவரைச் சொன்னாராம். வயரைச் சரிசெய்யும் வரை வீட்டுக்கு மின்சாரம் இல்லை.

நானும் அம்மாவும் போனபோது உச்சி வெயில். அத்தை உறைந்த ஆட்டுக்கறியையும் மீனையும் அக்காவின் ஃப்ரிட்ஜுகளுக்குச் சுமந்துகொண்டிருந்தார். மாமா பனியனோடு வேலியருகே நின்றார். கையில் எக்ஸ்டென்ஷன் வயர்.

"ஒரு ஃபேனுக்கு மட்டும் மா."

அக்கா பிளக்கை வாங்கிக்கொண்டார். மாட்டவில்லை.

"காலி பண்ணச் சொன்னீங்களே அண்ணே, அது?"

"யாரு சொன்னா? நீ பாட்டுக்கு இரு மா."

"என்கிட்ட சொன்னா பத்தாது. க்ரூப்புல போட்டத க்ரூப்புலயே போடுங்க. நான் திருடலன்னும் சேர்த்துப் போடுங்க."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மீனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட ஒற்றை விரலால் மாமா போனில் எழுதத் தொடங்கினார். நடுவில் இரண்டு தடவை அழித்தார். அக்கா அவசரப்படுத்தவில்லை. பிளக்கைக் கையில் வைத்தபடி, தன் போன் ஒலிக்கும் வரை நின்றார். படித்துப் பார்த்தார். அப்புறம்தான் குனிந்து அதைச் சுவரில் மாட்டினார்.