ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

ஒரே ஒரு தபால்தலையை வாங்கிக்கொண்டு நல்லுசாமி வரிசையை விட்டு நகரமாட்டார். பின்னால் நிற்பவர் பக்கம் திரும்பி, "வர்ற ஞாயித்துக்கெழம சும்மாத்தானே இருப்பீங்க?" என்பார். பின்னால் நிற்பவர் தோட்டத்து ஆளாக இருந்தாலும் சரி, பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கும் சீன முதலாளி தவுக்கேயாக இருந்தாலும் சரி, நேற்றுதான் மாற்றலாகி வந்த ஆசிரியராக இருந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான். தவுக்கேயிடம் மட்டும் மலாயில் கேட்பார். அஞ்சலகச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நான், "கொஞ்சம் நகருங்கண்ணே" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் பார்ப்பேன். "இருங்க கிராணி, ஆளு சேக்கறேன்ல" என்பார். எனக்கும் தோட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவன் எல்லாருமே அவருக்குக் கிராணிதான். அந்தத் தபால்தலைகள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியாது. அவர் கடிதம் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆள் குள்ளம், தோள் அகலம். காதுகளை மூடிய கம்பளித் தொப்பி, மேலே இரண்டு சுவெட்டர், கீழே காக்கி அரைக்கால் சட்டை. மலைக் குளிர் முழங்காலுக்கு மேல்தான் அடிக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லி நம்ப வைத்திருக்க வேண்டும். தேயிலை பாக்டரியில் பிட்டராக இருந்தவர். உருளைகளும் அடுப்பும் நின்றுபோனால் அவரைத்தான் தேடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஓய்வு பெற்றபோது தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கியா பார்மைத் தாண்டி கம்போங் ராஜா போகும் சாலையோரம் மேட்டில் தனக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இரண்டு அறைப் பலகை வீடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் பட்டறையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

பட்டறை என்று அவர்தான் சொல்கிறார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பையன்கள் அதற்குச் 'சுபாங்' என்று கோலாலம்பூர் விமான நிலையத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். "என்ன தாத்தா, பிளைட்டு எறங்கிருச்சா?" என்று சைக்கிளில் போகிறபோது கத்துவார்கள். அவருக்குக் கோபம் வராது. "எறங்கும், எறங்கும். ஞாயித்துக்கெழம வந்து தள்ளிவிடு" என்பார். உள்ளே இரண்டு லாரியும் ஒரு லேண்ட் ரோவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். நிற்பது என்னவோ எப்போதும் ஒரே ஒரு லேண்ட் ரோவர்தான். ஏதாவது ஒரு காய்கறித் தோட்டத்துக்காரருடையது, மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்.

இத்தனை பெரிதை அவர் ஒரே மூச்சில் கட்டவில்லை. சினிமாக் கொட்டகையில் சொல்கிற மாதிரி பார்ட்டு பார்ட்டாகக் கட்டினார். மேட்டை வெட்டிச் சமப்படுத்தியது முதல் பார்ட்டு. பிறகு இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. தூண்கள் நின்றன. மறுபடி ஒன்றுமில்லை. தகரக் கூரை வந்தது, தளம் வந்தது, கதவு வந்தது. சிமிந்தி வாங்க வழியில்லாமல் நின்றது என்று நினைத்தீர்களானால் தப்பு. மூட்டைகளும் இரும்பும் மாதக்கணக்கில் படுதாவுக்கடியில் தயாராகக் கிடக்கும். ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலைகளை எல்லாம் அவர் வார நாட்களில் முடித்துவிடுவார். அப்போது யாராவது உதவிக்குப் போனால், "நீங்க ஒக்காருங்க, இது ஒத்தையாளு வேல" என்று கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வார். பலர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை மட்டும் தொடமாட்டார். அது சேர்ந்து சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான அளவு ஆனதும் அஞ்சலகத்துக்கு வந்து தபால்தலை கேட்பார்.

அங்கே எதுவும் ஒருவர் தூக்குகிற எடையில் இருந்ததில்லை. ஒரு தகரக் கூரையைத் தாங்குவதற்கு, பழைய பாக்டரியை இடித்தபோது கிடைத்த இரும்பு உத்தரங்களைப் போட்டிருக்கிறார். கதவு செங்கால் மரம். அந்த மரத்தில் ஒரு பலகையை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும், அவர் முழுக் கதவையும் அதில் செய்துவிட்டு மாட்டுவதற்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டார். பிரிஞ்சாங்கில் கட்டட வேலை எடுக்கும் ஆ லியோங் என்பவர் தன் லேண்ட் ரோவரைப் பழுது பார்க்க வந்த இடத்தில், கலவை இயந்திரமும் நாலு ஆளும் கொண்டுவந்து மீதி முழுவதையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

நல்லுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரத்துல நீ முடிச்சிட்டா அப்புறம் நான் என்னத்தப் பண்றது லா?" என்றார்.

எண்பதில் தளம் போட்ட அன்றுதான் நான் முதல்முதலாக அந்த மேட்டுக்குப் போனேன். ஏறக்குறைய இருபது பேர். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறிப் போனது. நல்லுசாமி ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கேலி செய்தார், "பசியாறிட்டீங்களா, பசியாறிட்டீங்களா" என்று ஒரே ஆளை மூன்று முறை கேட்டார். என் கையில் கொப்புளம் வந்ததும் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "கவர்மெண்டு கை, பாருங்க" என்றார். மதியம் அவரே சமைத்த ஆட்டுக்கறி. உப்பு தூக்கல், காரம் அதைவிடத் தூக்கல், யாரும் குறை சொல்லவில்லை. வேலை மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் யாரையும் விடவில்லை. இன்னொரு டீ என்றார். ஒரு பழைய எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அது ஓடும் என்பது எங்களுக்குத் தெரிந்த பிறகும் ஓட்டிக் காட்டினார். பனி இறங்கிச் சாலை தெரியாமல் போன பிறகுதான் ஒவ்வொருவராக நழுவினோம்.

மறுநாள் என் மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லலாம் என்று போனேன். நல்லுசாமி வேறு ஒரு மனிதராக இருந்தார். நேற்றைய தட்டுகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. ஈரத் தளத்தின் ஓரத்தில் நின்றபடி, நேற்றைய குழம்பைச் சட்டியிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். பிரேக்கைக் கழற்றினார், மாட்டினார், கையைத் துடைத்தார். அவ்வளவு நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அந்த "வாங்க" ஒன்றுதான். இவரா நேற்று அத்தனை பேச்சுப் பேசினவர் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவருடைய பழைய தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழனியப்பன்தான் எனக்கு மற்றதைச் சொன்னார். நல்லுசாமியின் மனைவி நவமணி, இந்த மேட்டுக்குக் குடிவந்த சில மாதத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை.

"சாவு வீட்டுல சனம்னா சனம், அப்பிடி ஒரு சனம்" என்றார் பழனியப்பன். "பாடை தூக்க, பந்தல் போட, சோறாக்க, தோட்டமே இங்கதான் கெடந்துச்சு. கருமாதி முடிஞ்சு எல்லாரும் எறங்கிட்டோம். மறுநா நான் மறந்து வெச்சிட்டுப் போன கொடைய எடுக்க வந்தேன். இந்த மனுசன் பெரிய கேத்தல்ல டீ கலக்கி, பத்துப் பன்னெண்டு கெளாசு கழுவி வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. யாருக்குண்ணேன்னு கேட்டேன். எனக்கு ஒரு கெளாசுல ஊத்திக் குடுத்தாரு. அடுத்த வாரம் மம்பட்டிய எடுத்துக்கிட்டு வந்து, மேட்ட வெட்டப் போறேன், ஆளு குடுன்னு நிக்கிறாரு."

நான் ஒருமுறை நல்லுசாமியிடமே கேட்டேன். எதற்கு இப்படிக் கனக்கக் கனக்கக் கட்டுகிறீர்கள், கொஞ்சம் இலேசாகக் கட்டினால் என்ன என்று. இரும்பின் உறுதியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சும்மா வாங்கன்னா யாரு கிராணி வருவா?" என்றார். "தூக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குன்னா வருவாங்க." அதற்குப் பிறகு அவரை நான் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் வருகிறவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். பையன்கள் ஈப்போவுக்கும் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் வீட்டுக்கு வீடியோ வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் படம் ஓடுகிறதோ அந்த வீட்டில் லயமே உட்கார்ந்திருக்கும். கதவு மாட்டியபோது எட்டுப் பேர் வேண்டியதற்கு ஆறு பேர்தான் வந்தார்கள். பின்பக்கம் கூரையை நீட்டியபோது ஐந்து. இப்போது பட்டறையில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, அந்த நீட்டின பகுதிக்கு நடு உத்தரம். அதைத் தூணில் ஏற்றிவிட்டால் அதற்குமேல் கட்டுவதற்கு நிலமும் இல்லை. போன மாதம் முழுக்க நல்லுசாமி அஞ்சலகத்துக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். "இது கடேசி. தட்டக்கூடாது." எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த ஞாயிறு விடியற்காலையிலிருந்தே மழை. மழை விடட்டும் என்று பார்த்துப் பார்த்து, நான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. சத்தத்தை எதிர்பார்த்துத்தான் போனேன். ஒரு சத்தமும் இல்லை. பலகை வீட்டு வாசலில் மூடி போட்ட பெரிய அண்டா, பக்கத்தில் தட்டு அடுக்கு. பின்பக்கம் போனேன். உத்தரம் மேலே இருந்தது. நல்லுசாமி ஏணியில் நின்று போல்ட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். வேறு ஆளே இல்லை.

எப்படி என்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு தூண் தலையிலும் ஒவ்வொரு செயின் பிளாக் தொங்கியது. பாக்டரியில் ஒற்றை ஆள் நின்றுகொண்டே எஞ்சினைத் தூக்குவதற்கு வைத்திருப்பார்களே, அந்தச் சங்கிலிக் கப்பி. சங்கிலியை இழுக்க இழுக்க எத்தனை கனமும் அங்குலம் அங்குலமாக ஏறும்.

"இது எப்பண்ணே வாங்குனீங்க?"

"வாங்கல. பாக்டரிய விட்டு வரும்போது தொரை குடுத்தாரு, பழசுன்னு." ஏணியிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எட்டு மணிலேருந்து பாத்தேன் கிராணி. ஒருத்தரும் வரல. மழை வேற. சரி, எவ்வளவு நேரந்தான் ஒக்காந்திருக்கறதுன்னு ஏத்திட்டேன். கொஞ்ச நேரந்தான் ஆச்சு."

செய்யக்கூடாததைச் செய்துவிட்ட குரலில் சொன்னார். அப்படியானால் முதல் தூண் நட்ட காலத்திலிருந்தே இவை அவரிடம் இருந்திருக்கின்றன. கூரை உத்தரங்கள், கதவு, எதற்குமே எங்களில் ஒருவரும் தேவைப்பட்டிருக்கவில்லை.

"வாங்க, சாப்புடுவோம்" என்றார். அண்டாவைத் திறந்தார். இருபது பேருக்கான கறி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தகரத்தில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்து என்னண்ணே?" என்றேன், பேச்சுக்கு.

"அடுத்து ஒண்ணும் இல்ல. முடிஞ்சிருச்சு" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அப்போதுதான் கீழே லாரிச் சத்தம் கேட்டது. மலையில் வண்டி வருவதற்கு ரொம்ப நேரம் முன்பே சத்தம் வந்துவிடும். நல்லுசாமியின் கை தட்டிலேயே நின்றது. இன்னும் நாலைந்து வளைவு கீழே, எஞ்சின் இரைச்சலுக்கு மேலே ஆட்களின் பேச்சும், யாரோ சிரிப்பதும் கேட்டன. தோட்டத்து லாரி குளிரில் கிளம்பாமல், எல்லாருமாகக் காலையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நல்லுசாமி எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. குழம்புக் கையோடு ஏணியில் ஏறினார். இப்போதுதான் முறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கி, ஏணியைத் தூக்கி அடுத்த தூணுக்கு மாற்றினார், ஏறினார், அதையும் கழற்றினார். அறுபத்தேழு வயது மனிதர்.

"கிராணி, நீங்க அந்தச் சங்கிலியப் புடிங்க. மெதுவா. நான் எறக்கறப்ப நீங்களும் எறக்குங்க."

பிடித்தேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சங்கிலி கடகடவென்று ஓட, உத்தரம் மட்டம் குலையாமல் இறங்கி ஈரத் தரையில் படுத்தது. லாரி கடைசி வளைவில் ஹார்ன் அடித்தது. செயின் பிளாக் இரண்டையும் அவர் கழற்றினார், சிமிந்திச் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளினார், மேலே படுதாவை இழுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பழனியப்பன்தான் முதலில் குதித்து இறங்கினார். பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் முழங்கால் வரை சேறு. "மன்னிச்சுக்கண்ணே, வண்டி மக்கர் பண்ணிருச்சு. தூக்கியாச்சா?"

"எங்க லா தூக்கறது, ஆளே இல்லாம?" என்றார் நல்லுசாமி. யாரும் பக்கத்தில் வருவதற்கு முன்பே குனிந்து, உத்தரத்தின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்.