வாசலில் தொங்கிய ஒற்றுப்பிழை

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துநர். முப்பத்திரண்டாம் வயதில் மாடிப்படியில் உருண்டு முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்றுமுதல் சக்கர நாற்காலி. நாற்பத்தொன்றாம் வயதில் தோள்மூட்டுகள் நோகத் தொடங்கின. ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பவிடாததால் உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கமா’.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. “கையை ஊன்றித்தானே கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறுறீங்க? தோளுக்குப் பளு இழுக்கிற பயிற்சி வேணும். விட்டீங்கன்னா ஆள் வெச்சுத்தான் தூக்கணும்.”

ஆள் என்றால் மனைவி. தையல் எந்திரத்தில் குனிந்தே இடுப்பொடிந்த அந்த அம்மாள் தன்னைத் தூக்குவதை நினைத்தபோது கமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தெருவில் புதிதாக உடற்பயிற்சிக் கூடம் திறந்திருந்தார்கள். வாசலில் சாய்தளம், உள்ளே பளு இழுக்கும் எந்திரம். மேலாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கமாவின் கையில் குட்டி டம்பெல் ஒன்றைத் திணித்துப் படம் எடுத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். அதன் தலைப்பு ‘பயனாளி’. கமா கைப்பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, அதை அடித்து, ஓரத்தில் ‘உறுப்பினர்’ என்று திருத்தினார்.

“ஐயோ சார், உறுப்பினர்னா எல்லா மிஷினையும் தொடலாம். உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்களுக்கு டம்பெல் போதும். அதுவும் இலவசம்!”

“இலவசமா குடுன்னு நான் கேட்டேனா? எல்லாரும் கட்டுறத நானும் கட்டுறேன்.”

“திங்கக்கிழமை வாங்க சார், பேசிக்கலாம்.”

திங்கட்கிழமை சாய்தளத்தை அடைத்துக்கொண்டு புரோட்டீன் பவுடர் பெட்டிகள் நின்றன. அவற்றுக்கு மேலே, ஆளுயரப் பதாகையில் கமாவின் முகம். கீழே கொட்டை எழுத்தில்: ‘இவரே உடற்பயிற்ச்சி செய்கிறார். உங்களுக்கு என்ன கேடு?’

கமா அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். செய்யவிடாத பயிற்சியைச் செய்வதாக ஒரு பொய். அந்தப் பொய்யிலும் ஒரு ‘ச்’ அதிகம்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “உங்க ராசி சார், ஆளுங்க குவியுறாங்க!”

“நான் எப்ப உள்ள வர்றது?”

“நீங்கதான் வாசல்லயே இருக்கீங்களே சார்!”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பலை.

“அதைக் கிழிச்சுப் போடுங்க.”

“அடிச்சது அடிச்சாச்சு சார்.”

“அப்ப அந்த ‘ச்’சையாவது எடுங்க.”

மேலாளருக்கு விளங்கவில்லை. விளங்காததே கமாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

நேரே அச்சகத்துக்குத் திரும்பினார். அங்கே மனைவியின் தம்பி, புத்தகம் கட்டுபவர், தாள்கட்டுகளைக் கப்பியில் கோத்துப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கயித்த இங்க குடு.”

“விளையாடாதீங்க அத்தான். முப்பது கட்டு இருக்கு.”

“நீ எண்ணு.”

சக்கரங்களைப் பூட்டிவிட்டு இழுத்தார். ஏழாவது கட்டு மெல்லத்தான் ஏறியது; அடுத்ததும் ஏறியபின் மைத்துனர் எட்டு என்றார். அவ்வளவோடு அன்று நிறுத்தினார்கள். முப்பதை எட்ட ஐந்து மாதம் ஆயிற்று. அதன்பின் பரணேறும் கட்டெல்லாம் அவர் கைக்கே வந்தது. தினமும் அந்த வாசலைக் கடக்கையில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், எச்சில் கசக்கும்.

மனைவி அவரை ஒருநாளும் தூக்க நேரவில்லை.

பதாகை தொங்கியது, ஒற்றுப்பிழையோடு, ஆறு ஆண்டுகள். கமா கயிறு இழுத்தது பத்தொன்பது ஆண்டுகள்.