கைகட்டி நிற்கும் தராசு

டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவுக்கு அவன் கடன்பட்டிருந்தது நாற்பத்தைந்து கிலோ இரும்பு. அந்த அம்மாவுக்கே அது தெரியாது. அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. காலை எட்டு மணிக்கு என் பழைய இரும்புக் கடையின் ஷட்டர் ஏறியதும், எடைமேடைக்குப் பின்னால் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்கால் போட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வான். வெளியே வரிசை நிற்கும். "என்னய்யா, மெஷின் ரிப்பேரா?" என்று எவனாவது குரல் கொடுப்பான். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் ரிப்பேருக்கு விட்டிருக்கு" என்று கண்ணைத் திறக்காமலே பதில் வரும்.

எல்லோரும் அவனைத் தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்திரண்டு. எனக்கு எழுபத்தாறு. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன், வாசகர்கள் குறையாக நினைக்க வேண்டாம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டிய காந்தம் வைத்திருப்பான். பித்தளை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் காந்தத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பான். ஒட்டினால் உள்ளே இரும்பு. நாங்கள் ஞாயிறுதோறும் போகும் சபைக்குப் பித்தளைக் காணிக்கைத் தட்டு வாங்கிக் கொடுத்தேன். சபையின் கூரைத் தகடு, கேட், மணி எல்லாம் நான் கொடுத்ததுதான், தெரியாதவர்கள் கிடையாது. ஒரு ஞாயிறு காணிக்கை போட இவன் குனிந்தான். பையிலிருந்து காந்தம் நழுவித் தட்டில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் என் காதோரம் மட்டும் வந்து, "முதலாளி, உங்கள யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றான். இரும்பில் ஐம்பது வருஷம் புரண்ட என்னை!

அவன் எடை போடும் விதமே தனி. சரக்கை மேடையில் ஏற்றியதும் மூன்றடி பின்னால் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். எண் ஓடி ஓரிடத்தில் நின்ற பிறகுதான் கை அவிழும். பாட்டில் பொறுக்கி விற்கும் பெண் ஒருத்தி, "என்னண்ணே, வாத்தியார் வெளிய நிக்க வெச்சிட்டாரா?" என்று சிரிப்பாள். "ஆமாம்மா. பக்கத்துல விட்டா சேட்டை பண்ணுவேன்னு அவருக்குத் தெரியும்" என்பான்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. முன்பு அவன் தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்கியவன். தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொக்கித் தராசில் சாக்கை மாட்டித் தூக்கும்போது, முழங்காலை அடியில் லேசாக முட்டுக் கொடுத்தால் இருபது கிலோ பதினைந்தாகிவிடும். விற்கிறவர் கண் தராசு முள்ளில் இருக்கும். முழங்காலை யார் பார்க்கிறார்கள்? "பதினாலு வருஷம் இந்த முட்டிதான் முதலாளி எனக்குச் சோறு போட்டுச்சு. இப்ப அதையே தெனம் மடக்க வேண்டியிருக்கு" என்றான் ஒருநாள்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். முதல் ஆணியிலிருந்து இன்றைக்கு நிற்கிற கிரேன் வரை இந்தக் கடையில் எல்லாம் என் கைச் சம்பாத்தியம். ஒருத்தன் தோளைப் பிடித்து நான் ஏறவில்லை. குடி, புகை இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் விட்டவன். அதனால் எனக்கு இவன் தினசரி மண்டியிடுதல் விளங்கவில்லை. "திருந்தினா திருந்தினதுதானேய்யா? ஒம்பது வருஷமாச்சு. இன்னும் என்ன தெனமும் மல்லுக்கட்டு?" என்றேன்.

"ஒட்டடை மாதிரிங்க முதலாளி. நேத்து அடிச்சாச்சுன்னு இன்னிக்கு வராம இருக்குதா?"

"அப்ப ஆண்டவரு குடுக்கற பலம் ஒருநாளைக்குத்தான் தாங்குமா?"

"ஒருநாளா? காலையில வாங்கினது மத்தியானச் சோத்துக்கே பத்தறதில்ல. மறுபடி போய் நிக்கணும்."

"என்னய்யா இது, படியளக்கற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா?"

"மொத்தமா குடுத்தா நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாப்பனா முதலாளி?"

எண்பது கிலோ எஞ்சினைத் தனியாளாகத் தோளில் தூக்கியவன் நான். அன்றைக்குக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

என் கடைக்கு வந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒருமுறை சறுக்கினான். சென்ற வருஷம் ஒரு லோடுக்காரன் எதற்கோ கோபப்பட்டு, வரிசைக்கு முன்னால் அவன் அப்பனையும் ஆத்தாளையும் இழுத்துத் திட்டினான். தராசின் கை அவிழ்ந்தது. கால் கட்டைவிரல் சரக்குக்கு அடியில் போனது. இரண்டு கிலோ குறைந்தது. அந்த ஆள் காசை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டான். அரை நிமிஷம் கழித்து இவன் என் மேசையில் கைவைத்துப் பணத்தை அள்ளிக்கொண்டு தெருவில் ஓடுகிறான்! நான் 'திருடன்' என்று கத்தியே விட்டேன். சிக்னலில் வண்டியை மறித்துக் காசைத் திணித்துவிட்டு, செருப்பில்லாமல் திரும்பி வந்தான். "பைத்தியமான்னு கேட்டாரு முதலாளி. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்றைக்குத்தான் நாற்பத்தைந்து கிலோவும் வெளியே வந்தது. டீச்சரம்மா டைப்ரைட்டிங் பள்ளியை மூடியபோது ஒன்பது மெஷின்களை இவனிடம் போட்டிருக்கிறார். மெஷினுக்கு ஐந்து கிலோ முட்டி தின்றுவிட்டது. மற்ற வீடுகளில் தேடிப் பிடிக்க முடிந்த இடத்திலெல்லாம் கொடுத்து முடித்துவிட்டான். இது ஒன்றுதான் பாக்கி. ஏனென்றால், சபையில் இவனுக்கு முதலில் பாய் விரித்து உட்காரச் சொன்னவர் அந்த அம்மா. 'கண்ண மூடிட்டு நம்பலாம்' என்று என்னிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான். தன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் ஒரே வாயை அடைப்பதற்கு யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

இன்றைய விலை கிலோ நாற்பது. மனக்கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆயிரத்து எண்ணூறு என்று அடுத்த நொடியே சொன்னேன். "நூறு நூறா பதினெட்டு நோட்டு எடுத்து வெச்சு அஞ்சு மாசமாச்சு முதலாளி" என்று சட்டைப் பையைத் தட்டினான். மூன்று ஞாயிறு அவர் வீட்டு வாசல் வரை போயிருக்கிறான். முதல் முறை, டீ கொடுத்து இவனைப் பக்கத்து வீட்டாரிடம் புகழ்ந்து தள்ளிவிட்டாராம். இரண்டாம் முறை விருந்தாளிகள். மூன்றாம் முறை கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

"கவர்ல போட்டுக் கதவிடுக்குல தள்ளிட்டு வந்துடு" என்றேன்.

"அது கட்டறது இல்ல முதலாளி, ஒளியறது."

"சரி, நான் வந்து பேசறேன். நான் சொன்னா அந்தம்மா மறுபேச்சு பேசமாட்டாங்க."

"உங்க பலம் இதுக்கு ஆகாது முதலாளி. கோவிச்சுக்காதீங்க. என் பலமும் ஆகாது. ஆகற எடத்துலதான் கேட்டுட்டிருக்கேன்."

கோபம் வரத்தான் செய்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சரம்மாவே வந்தார். பழைய ஜன்னல் கம்பி ஒரு கட்டு. வரிசையில் தயங்கி நின்ற புது ஆளிடம், "தைரியமா போடுங்க. இவன் எடை போட்டா ஆண்டவரே வந்து மறு எடை போட்டாலும் மாறாது" என்றார்.

தராசு கம்பிக் கட்டைத் தொடவில்லை. "டீச்சரம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனான். என் மேசையிலிருந்து அவன் உள்ளங்கால்கள் இரண்டும் தெரிந்தன. ஒரு நிமிஷம் மூன்றாயிற்று, ஐந்தாயிற்று. வரிசை முணுமுணுத்தது. "அவசரக்காரன் வேற கடைக்குப் போகலாம்" என்று நான் எழுந்து நின்றேன். ஒருத்தரும் நகரவில்லை. பிறகு நானும் கண்ணை மூடினேன். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவன். என்ன கேட்டேன் என்பதை எழுதப்போவதில்லை.

அவன் வந்து அந்த அம்மாவின் எதிரில் நின்றான்.

"டீச்சரம்மா, உங்க மெஷின் ஒம்பதையும் நாந்தான் எடை போட்டேன்."

"நீதான். அதுக்கென்ன இப்ப?"

"முட்டி குடுத்தேன். மெஷினுக்கு அஞ்சு கிலோ. மொத்தம் நாப்பத்தஞ்சு கிலோ உங்கள ஏமாத்துனேன்."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். என் மகள் அவரிடம் படித்தவள். ஒரு எழுத்து தப்பினாலும் அழிக்க விடமாட்டாராம். புதுத் தாள் சொருகி முழுப் பக்கத்தையும் அடிக்க வைப்பாராம்.

"உன்னையா நான் ஊரெல்லாம் நல்லவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்?"

"ஆமா டீச்சரம்மா."

"இவருகிட்ட வேற சொல்லி வேலை வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா."

"இத்தன வருஷம் வராத வாய் இன்னிக்கு எப்படிடா வந்துச்சு?"

"இது என் வாய் இல்லீங்க டீச்சரம்மா. என் வாய் வரவே மாட்டேன்னுச்சு. அங்க போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்று மடித்த சாக்கைக் காட்டினான்.

பின்பக்கம் யாரோ ஒரு தகட்டைத் தவறவிட்டார்கள். கடையே அதிர்ந்தது. அந்த அம்மா திரும்பவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"எண்ணு. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணு."

தராசு நோட்டுகளை எடுத்தான். "ஒண்ணு... ரெண்டு..." ஏழாவது நோட்டு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. டீச்சரம்மா இடது கையைக் கொண்டுவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ம், ஏழு" என்றார். எட்டிலிருந்து இரண்டு பேர் குரலும் சேர்ந்து எண்ணின. பதினெட்டாவது நோட்டு அந்த உள்ளங்கையில் விழும்வரை அவர் பிடியை விடவில்லை.