நாலு மணிக்குள் சைலன்சர்

எங்கள் காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பீளமேட்டில் எங்கள் தெருமுனையில் நான் திரும்பும்போதே, நான்காவது வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓரமாகப் போய்விடும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் என் கணவருக்குத்தான்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் வரவேற்க நின்ற பெரியவர், "வாங்க வாங்க, நீங்க வாரது மதுக்கரை தாண்டும்போதே கேட்டுதுங்க" என்று கும்பிட்டார். எங்கள் ஊரில் ஒருவரை இதைவிட மரியாதையாகக் குத்த முடியாது. இவர் அன்று பந்தியில் சரியாகவே சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது ஒரே பேச்சுதான்.

"அம்மணி, இந்த வண்டியைத் தள்ளி உட்டுரலாம்."

இவர் எதையும் தூக்கிப் போடாத மனிதர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கழன்ற குக்கர் கைப்பிடி, செத்துப்போன டார்ச், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி என்று எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் பத்திரமாக இருக்கும். கேட்டால் "எதுக்காச்சும் ஆகும்" என்பார். அப்பேர்ப்பட்டவர் கண்ணுக்கு, வீட்டில் வேண்டாத பொருளாகப் பட்டது என் கார் ஒன்றுதான்.

என் கார் என்றுதான் சொல்வேன். என் சம்பளத்தில், என் பேரில் வாங்கியது. நாற்பது வயதில் அதில்தான் ஓட்டப் பழகினேன். அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும், இவர் ஸ்கூட்டரை எடுக்கும்வரை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய காராக வாங்கலாம் என்றார். பெரிய காரை யார் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாதா? நான் பக்கத்து சீட்டுக்குப் போய்விடுவேன். மறுபடி செருப்பும் வாசலும்தான்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வண்டி பார்க்க வருகிறாராம். எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, சத்தம் நின்னுபோச்சுன்னா வண்டி இருக்கட்டுமுங்களா?"

"ஒர்க்‌ஷாப்ல ஒரு வாரம் ஆகும்னு சொன்னாங்கல்ல?"

"ஒர்க்‌ஷாப் எதுக்குங்க? நானே மாத்திப்போடறேன்."

சிரித்தார். "சரி, மாத்து. அவரு வாரப்ப சத்தம் இல்லீன்னா வண்டி இருக்கட்டும்."

அந்தச் சிரிப்புதான் தப்பு. நான் பம்ப் கம்பெனியில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறவள். மோட்டார் ஓடும்போது கையை வைத்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இரண்டு போல்ட்டில் தொங்கும் ஒரு தகர உருளையா எனக்குப் பெரிது?

சனிக்கிழமை மாலை புது சைலன்சரும் கேஸ்கெட்டும் வாங்கி வந்தேன். பழைய போல்ட்டுகள் இளகட்டும் என்று டீசலை ஊற்றி வைத்தேன். காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பெனியில் இரவல் வாங்கிய இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்தேன். பழைய சுடிதாரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏழு மணிக்குக் காருக்கு அடியில் புகுந்தேன்.

ஒரு போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னொன்று மூன்று மாதத் துருவில் உருத்தெரியாமல் போயிருந்தது. ஸ்பேனர் அதைப் பிடிக்கவே இல்லை. ஆக்ஸா பிளேடை எடுத்து, படுத்த வாக்கில் ஒரு மணி நேரம் அறுத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன், துரு வாய்க்குள் போனது. கடைசியில் போல்ட் அறுந்து பழைய சைலன்சரின் முன்பாதி பொத்தென்று தரையில் விழுந்தபோது, அடியில் கிடந்தபடியே கைதட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் என் புத்தியைக் காட்டினேன். சைலன்சரின் பின்பாதி மூன்று ரப்பர் வளையங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கனத்தை ரப்பரிலா தொங்கவிடுவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் இரும்பில், தேவைக்கு இரண்டு பங்கு கனத்தில் செய்தால்தான் மனசு ஆறும். எனக்கும் அது நன்றாகவே உண்டு. மூன்று வளையங்களையும் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தேன். வீட்டில் கிடந்த இரும்புப் பட்டையை அறுத்து, துளை போட்டு, புது சைலன்சரை அசையாமல் இறுக்கினேன். இனி பூகம்பம் வந்தாலும் கழலாது என்று எழுந்து வந்து சாவியைத் திருகினேன்.

பழைய சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, கார் முழுவதும் மாவாட்டும் கிரைண்டர் மாதிரி அதிர்ந்தது. கண்ணாடி ஆடியது, கதவு ஆடியது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குப் பல்லும் ஆடியது. இவர் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து பார்த்தார். மீதிக் காபியைக் குடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எஞ்சினின் அதிர்வு காரின் உடம்புக்கு ஏறாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். எனக்குத் தெரியாத விஷயமா? மோட்டாருக்கு அடியில் ரப்பர் ஷீட் வைக்க மறந்தால், பம்ப் செட்டையே திருப்பி அனுப்புகிறவள் நான். அவமானமாக இருந்தது. கூடையைப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. மாநகராட்சி வண்டி காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்பேர் கடை எதுவும் திறந்திருக்காது. மணி ஒன்றரை. காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கார் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அம்மணி, இதா பாரு."

இவர் கையில் பிஸ்கட் டப்பா. உள்ளே மூன்று ரப்பர் வளையங்கள், துடைத்துச் சுத்தமாக.

"குப்பை வண்டி வாரதுக்குள்ள எடுத்து வெச்சேன். எதுக்காச்சும் ஆகும்னு."

இருபத்தாறு வருடமாக அந்த டப்பாக்களுக்காக இவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இரும்புப் பட்டைகளைக் கழற்றினேன். இவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் வந்து, சைலன்சரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நான் வளையங்களில் சோப்புத் தண்ணீரைத் தடவி ஒவ்வொன்றாக மாட்டினேன்.

நாலு மணிக்குக் கொப்பரை வியாபாரி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். காபி சாப்பிட்டுவிட்டு, "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார்" என்றார். இவர் உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆனது தெரியாமல் மறுபடி திருகினார். கிர்ரென்று ஸ்டார்ட்டர் கத்தியதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தச் சத்தமின்மையே எனக்கு எதிராகத் திரும்பியது. வந்தவருக்கு வண்டி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

"டயர் எப்ப மாத்துனதுங்க சார்?"

நான் பதில் சொன்னேன். அவர் இவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மைலேஜ் எப்படிங்க சார்?"

அதற்கும் நான்தான் சொன்னேன். அதற்கும் இவரைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

"தோட்டத்துக்குப் போக வர நமக்கு இது போதுமுங்க சார். நீங்க சொன்ன விலைக்கே நான் வாரேன். பேசி முடிச்சுக்கலாமுங்களா?"

இவர் எனக்கு வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதுவும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த ஆளிடம் எப்படிச் சொல்வார்? இவர் தன் கையைப் பார்த்தார். சோப்புப் போட்டும் போகாத கறுப்பு அதில் இன்னும் இருந்தது.

"ஏனுங்க, வண்டி இவங்களுதுங்க. குடுக்கறதுக்கு நான் ஆருங்க? இவங்களைக் கேளுங்க."

வந்தவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். என் கையையும் பார்த்தார்.

"குடுப்பீங்களாங்கம்மா?"

"இல்லீங்க. குடுக்கறதுக்கு இல்லீங்க."

தேவையானதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து புது சைலன்சரைப் பார்த்துவிட்டு, நம்ம ஜீப்புக்கும் சைலன்சர் மாத்தோணும், எங்கே மாத்தினீங்க என்று கேட்டார். இவர் என்னைக் கை காட்டினார்.

வந்தவரை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்தார், இவர் பின்னால். சிக்னலில் நின்றபோது இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் கேட்டது. அது கேட்டு மூன்று மாதம் ஆயிற்று.

அவர் இறங்கிப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியதும், இவர் பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கால் இடித்தது போலிருக்கிறது. குனிந்து லீவரைத் தேடி, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். இவர் வசதியாக உட்காரும்வரை காத்திருந்துவிட்டுக் கியரைப் போட்டேன்.